உபுண்டுவில் தமிழ்99: புள்ளி தானாக விழ வேண்டுமானால்

தமிழ்99 என்பது தமிழ் எழுத்துகளுக்கான விசைப்பலகை அமைப்பு; அதை உபுண்டு லினக்ஸில் அமைக்கும் வழி இது. முதலில் டெர்மினலில் (கட்டளை அடிக்கும் சாளரம்) ஆப்ட் (apt, நிரல்களை நிறுவும் கட்டளை) வழியாக ஐபஸ்-எம்17என் (ibus-m17n) என்ற உள்ளீட்டுப் பொதியை நிறுவுங்கள். பிறகு லாக் அவுட் செய்து திரும்ப உள்ளே வாருங்கள். இதைத் தவிர்த்தால் புதிய விசைப்பலகை பட்டியலில் தென்படாமல் போகலாம். பொதியில்தான் கோளாறு என்று மறுபடி நிறுவிக்கொண்டிருக்க வேண்டாம்.

அடுத்து செட்டிங்ஸ், கீபோர்டு, இன்புட் சோர்ஸஸ், கூட்டல் குறி. தமிழ் என்று தேடினால் தமிழ்99 சாயலில் ஒன்றுக்கு மேல் வரும். பெயரோடு 'எம்17என்' (m17n) என்று இருப்பதையே எடுங்கள்.

பலரும் சறுக்கும் இடம் இதுதான். 'தமிழ்நெட் 99' என்று இருப்பது எக்ஸ்கேபி (XKB) வகை, அதாவது எந்த விசைக்கு எந்த எழுத்து என்பதை மட்டும் சொல்லும் எளிய அமைப்பு. எழுத்துகள் இடம் மாறாமல் இருக்கும், ஆனால் முந்தைய தட்டு என்ன என்ற நினைவு அதற்குக் கிடையாது. தமிழ்99-இன் சுகமே அந்த நினைவில்தான். எம்17என்னில் அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டில் 'அம்மா' வந்துவிடும். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற இணைகளுக்கும் அப்படியே. 'தங்கம்' எழுத த, ங, க, ம. கடைசி ம-வுக்கு மட்டும் புள்ளி விசை, அதாவது இடது சுட்டுவிரல் இருக்கும் எஃப்.

இதே வசதி சில சொற்களில் காலை வாரும். வவுனியா என்று அடித்தால் 'வ்வுனியா' வரும். நந்தினி 'ந்ந...' என்று தொடங்கும். இரண்டு மெய்க்கும் நடுவே அ-வைத் தட்டுங்கள்: வ, அ, வ, உ, ன, இ, ய, ஆ. அந்த அ திரையில் தெரியாது, புள்ளியை மட்டும் தடுக்கும்.

விசைகளில் ஸ்டிக்கர் ஒட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; கண் கீழேயே நிற்கும். நடு வரிசையை மனப்பாடம் செய்யுங்கள்: இடப்பக்கம் அ, இ, உ, புள்ளி, எ, வலப்பக்கம் க, ப, ம, த, ந, ய. உயிர் ஒரு கை, மெய் பெரும்பாலும் மறு கை என்பதால் விரல்கள் மாறி மாறி ஓடும். ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடிப்பவர்களுக்கு ந, ன, ண குழப்பம் தீராது. இங்கே மூன்றுக்கும் தனி விசை.

பின்சேர்க்கை: மொழி மாற்ற விண்டோஸ் விசையும் ஸ்பேஸும். சரியான பாஸ்வேர்டையே 'தவறு' என்று காட்டினால், திரையின் மேல்மூலையில் உள்ள மொழிக்குறி தமிழில் இருக்கிறதா ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். கட்டத்தில் வெறும் கரும்புள்ளிகள்தான் தெரியும் என்பதால் தமிழில் அடித்துக்கொண்டிருப்பது புலப்படாது. கீபோர்டு அமைப்பில் ஒவ்வொரு சாளரத்துக்கும் தனி மொழி என்ற தேர்வைப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும்.