சுவர் ஓவியம் வரைய வர்றவங்க பண்ற தப்புகள்: பிரஷ்ஷைத் தொடுறதுக்கு முன்னாடியே பாதி நடந்துடுது

எங்கப்பா மதுரையில பேனர் ஆர்ட்டிஸ்ட். தியேட்டர் வாசல் கட்அவுட், கட்சி பேனர், கடை போர்டு, ரோட்டோர சுவர் விளம்பரம்னு எல்லாமே கையால வரைஞ்சவரு. 2000க்கு அப்புறம் பிளெக்ஸ் வந்துச்சு, மூணு நாள் வேலைய மிஷின் அரை மணி நேரத்துல முடிச்சுடுச்சு, அப்பாகூட இருந்தவங்க ஒவ்வொருத்தரா வீட்டு பெயிண்டிங், ஆட்டோ, வாட்ச்மேன் வேலைன்னு போயிட்டாங்க. அந்த அஞ்சாறு வருஷம் எங்க வீட்ல எப்படி ஓடுச்சுன்னு எங்கம்மாவுக்குத்தான் தெரியும்.

அப்புறம் சுவரே திரும்ப வேலை குடுத்துச்சு. 2010 வாக்குல சென்னை அண்ணா சாலையில போஸ்டர் ஒட்டுறத நிறுத்த மாநகராட்சி சுவர் முழுக்க படம் வரைய வச்சப்போ பழைய பேனர் கைகளுக்குத்தான் அந்த வேலை போச்சு. 2020ல கண்ணகி நகர் குடியிருப்பு சுவர்கள்ல நாலு மாடி உயரத்துக்கு முகங்கள் வந்துச்சு, அதுக்கப்புறம் ஸ்கூல், கபே, அபார்ட்மெண்ட், ஸ்டேஷன்னு எல்லாரும் கேக்குறாங்க. நான் இதுல இறங்கி 14 வருஷம் ஆச்சு. புதுசா வர்ற பசங்க என்கிட்ட கேக்குறது என்ன பிரஷ், எந்த கம்பெனி பெயிண்ட். சுவரப் பத்தி ஒருத்தரும் கேக்குறதில்ல. அதான் இத எழுதுறேன்.

முதல் தப்பும் பெரிய தப்பும் அதான், சுவர பாக்காம வேலைய ஒத்துக்குறது. நான் பண்ணிருக்கேன். ஒரு தனியார் ஸ்கூல், 600 சதுரடி காம்பவுண்ட் சுவர், பூச்சு பூசி 12 நாள்தான் ஆகியிருந்துச்சு. ஆண்டு விழாவுக்குள்ள முடிக்கணும்னு அவசரப்படுத்துனாங்க, நானும் காசு வருதேன்னு தலையாட்டிட்டேன். நாலாவது மாசம் போன் வந்துச்சு, போய்ப் பாத்தா கிளியோட பச்சை இறக்கை மேல வெள்ளையா உப்பு பூத்து, நகத்தால தொட்டா கலர் அப்பளம் மாதிரி உடைஞ்சு வருது. சொந்தக் காசுல சுரண்டி திரும்ப வரைஞ்சேன்.

ஏன் அப்படி ஆகுதுன்னா, புது சிமெண்ட் பூச்சுக்குள்ள தண்ணியும் காரத்தன்மையும் ரொம்ப இருக்கும், அந்த ஈரம் வெளிய வர்றப்போ உப்பையும் சேத்து இழுத்துட்டு வரும், மேல நாம அடிச்ச எமல்ஷன், அதாவது தண்ணி கலந்து அடிக்குற பெயிண்ட், ஒரு பிளாஸ்டிக் தோல் மாதிரி மூடியிருக்குறதால அதுக்குப் பின்னாடி உப்பு தேங்கி தோலயே தள்ளிடும். குறைஞ்சது 28 நாளாவது விடணும், மழைக்காலமா இருந்தா இன்னும் கூட. தஞ்சாவூர் பெரிய கோயில்ல கருவறைய சுத்தி உள் சுற்றுல இருக்குற சோழர் ஓவியத்த யோசிச்சுப் பாருங்க, நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில மறைஞ்சு கிடந்து 1931ல வெளிய தெரிஞ்சது, ஆயிரம் வருஷமா நிக்குது. அது ஈரமான சுண்ணாம்புப் பூச்சு மேலயே வரைஞ்சது, காயக்காய கலர் சுண்ணாம்போடயே சேந்து இறுகிடும். அந்த முறைக்கு ஈரம்தான் பலம். நம்ம எமல்ஷனுக்கு அதே ஈரம்தான் எமன். ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது.

பழைய சுவரா இருந்தா ஒரு ஒன்றரை அடி பாலிதீன் ஷீட்ட நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்க, உள்பக்கம் வேர்த்திருந்தா ஓதம் இருக்குன்னு அர்த்தம். சாவியால சுவரத் தட்டிக்கிட்டே நடங்க, டொக்கு டொக்குன்னு கேட்ட இடத்துல பூச்சு விட்டுப்போயிருக்கு. சுவருக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு எட்டிப் பாருங்க. பாத்ரூம் குழாயோ தண்ணித் தொட்டியோ இருந்தா முதல்ல பிளம்பரக் கூப்பிடச் சொல்லுங்க. பாசி இருந்தா பிளீச்சிங் போட்டுத் தேச்சுக் கழுவாம பிரைமர், அதான் பெயிண்டுக்கு அடியில போடுற முதல் கோட், அடிக்காதீங்க. சுவர சமமாக்க வீட்டுக்குள்ள அடிக்குற பட்டிய வெளிச்சுவர்ல இழுத்துட்டு மழை வந்ததும் மாவா கரையுதுன்னு வர்றவங்கள வருஷா வருஷம் பாக்குறேன்.

கலர்ல பண்ற தப்பு ரெண்டுதான். காசு மிச்சம்னு டிஸ்டம்பர், எனாமல்னு எது கிடைக்குதோ அத வெளிச்சுவர்ல அடிக்குறது ஒண்ணு. வெள்ளை எமல்ஷன்ல ஸ்டெயினர, அதாவது கலர் கலக்குற திரவத்த, அளவுக்கு மீறி ஊத்தி அடர்த்தி கொண்டு வர்றது இன்னொண்ணு, அது சரியா காயாது, மழையில வழியும். அடர் கலர் வேணும்னா கடையில மிக்ஸிங் மிஷின்ல அடர் பேஸ்லயே போட்டு வாங்கிடுங்க. பளிச்சுனு இருக்குற பிங்க், ஆரஞ்சு எல்லாம் மேற்கு வெயில்ல சீக்கிரம் வெளுத்துடும், காவி, மஞ்சக்காவி மாதிரி ஆக்சைடு கலருங்க தாக்குப்பிடிக்கும்.

ஸ்கெட்ச பெருசாக்குறதுல, ஒரு அடி தூரத்துல நின்னு கண்ண வரைஞ்சுக்கிட்டே இருந்தா மூக்கு எங்க போகுதுன்னு தெரியாது. அப்பா காலத்துல நூல்ல நீலம் தொட்டு அடிச்சு கட்டம் போடுவாங்க. இப்போ சுவர் முழுக்க கண்டபடி கிறுக்கி, அத போட்டோ எடுத்து, போன்ல அதுமேல ஸ்கெட்ச வச்சு, எந்தக் கிறுக்கல் மேல எந்தக் கோடு வருதுன்னு பாத்து வரையுறாங்க, ரொம்ப நல்ல வழி. எதுல பண்ணாலும் மணிக்கு ஒரு தடவ இறங்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்னு பாருங்க.

சாரம் விஷயத்துல தயவுசெஞ்சு யார் பேச்சையும் கேக்காதீங்க. அப்பாவோட கூட்டாளி ஒருத்தர் 20 அடியில இருந்து விழுந்து இடுப்பு உடைஞ்சு அதுக்கப்புறம் ஏணி ஏறவே இல்ல, சேஃப்டி பெல்ட் போட்டுக்குற பழக்கமே அப்போ கிடையாது. இப்போ கடையில கிடைக்குது, வாங்குங்க. கரண்டு கம்பி பக்கத்துல போச்சுன்னா லைன நிறுத்தச் சொல்லி எழுதிக் குடுத்துட்டு அப்புறம் ஏறுங்க, ரோலர் குச்சி இரும்பா இருக்கும்ங்கறத மறந்துடுறோம்.

இப்போ காசு. சதுரடி ரேட்ட மட்டும் பாத்து சரின்னு சொல்றதுதான் நம்ம ஆளுங்கள பட்டினி போடுது. ஒரு கணக்கு பாருங்க. 400 சதுரடி, சதுரடிக்கு 100 ரூபா, மொத்தம் 40,000. கேக்க நல்லா இருக்கும். சாரம் வாடகை 6,000, பெயிண்ட் பிரைமர் 9,000, ஹெல்ப்பருக்கு ஒரு நாளைக்கு 900ன்னு 7 நாளைக்கு 6,300, போக வர சாப்பாடு 4,000. கையில நிக்குறது 14,700. ஸ்கெட்ச் போட்ட 3 நாளையும் சேத்து 10 நாள் வேலை. நடுவுல மூணு நாள் மழை, ஹெல்ப்பர வெளியூர்ல இருந்து கூட்டிட்டு வந்திருக்கோம், அந்த மூணு நாளும் அவருக்கு சம்பளம் குடுத்துதானே ஆகணும், 2,700 போய் கையில நிக்குறது 12,000 ஆயிடுச்சு, 13 நாளுக்கு வகுத்தா நாளைக்கு 923. ஹெல்ப்பர் வாங்குறதுதான் உங்களுக்கும். அதனால சாரத்தையும் சுவர் ரிப்பேரையும் தனியா எழுதுங்க, பாதி அட்வான்ஸ் வராம டப்பா வாங்காதீங்க, மழை நாளுக்கு என்ன கணக்குன்னு முன்னாடியே பேசுங்க. ஒரு கபேக்காரர் என்கிட்ட "உங்க பேர போட்டு விளம்பரம் பண்றோம் சார், காசு அடுத்த தடவ பாத்துக்கலாம்"னாரு, அஞ்சு நாள் வரைஞ்சேன், அடுத்த தடவ வரவே இல்ல.

பர்மிஷன் வாய் வார்த்தையா இருக்கக் கூடாது. வாடகைக்கு இருக்குறவர் சரின்னு சொல்லுவாரு, ஓனர் வந்து சண்ட போடுவாரு. பொது இடம் சீர்குலைப்பத் தடுக்க தமிழ்நாட்டுல 1959லயே சட்டம் இருக்கு, அதனால லெட்டர் வாங்கி ஒரு ஜெராக்ஸ் சட்டை பாக்கெட்லயே வச்சுக்கோங்க, காலையில ஆறு மணிக்கு சாரத்துல நிக்குறப்போ போலீஸ் கேட்டா கீழ இறங்கி அதத்தான் காட்டணும்.

இன்னொண்ணு நம்ம ஆளுங்க நிறைய பேருக்குத் தெரியல. 1957 காப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி ஒருத்தர் காசு குடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேற மாதிரி எழுதி வைக்கலன்னா, காப்புரிமை காசு குடுத்தவருக்குத்தான் போகும். உங்க படத்த டிஷர்ட்ல போட்டு வித்தாலும் கேக்க முடியாது. அதனால ஒரே ஒரு வரி, காப்புரிமை வரைஞ்சவருக்கேன்னு கொட்டேஷன்லயே எழுதி கையெழுத்து வாங்கிடுங்க. ஆனா வரைஞ்சது நீங்கதான்னு சொல்லிக்குற உரிமை, படத்த சிதைச்சா கேக்குற உரிமை, இது ரெண்டும் எப்பவும் உங்களோடதுதான். டெல்லி விஞ்ஞான் பவன்ல அமர்நாத் சேகல் செஞ்ச பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்த 1979ல பேத்து எடுத்து கிடங்குல போட்டாங்க, அவரு விடாம கேஸ் நடத்தி 2005ல டெல்லி ஐகோர்ட்ல ஜெயிச்சாரு, மிச்சத்த திருப்பிக் குடுக்கச் சொல்லி 5 லட்சம் நஷ்ட ஈடும் போட்டாங்க. அதனால கையெழுத்துப் போடாம சுவர விட்டு வராதீங்க, முடிச்ச அன்னிக்கே நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுத்து தேதியோட வச்சுக்கோங்க.

போன கார்த்திகையில ஒரு கல்யாண மண்டபச் சுவர் பாக்க அப்பாவையும் கூட்டிட்டுப் போனேன். நல்ல ரேட்டு, அட்வான்ஸ் அன்னிக்கே தர்றேன்னாங்க. அப்பா ஒண்ணும் பேசல, செருப்ப கழட்டிட்டு சுவரோரமா நடந்து உள்ளங்கைய அங்கங்க அழுத்தி வச்சுப் பாத்தாரு. "ஓதம் இருக்குடா. தை பொறக்கட்டும்." மண்டபத்துக்காரருக்கு முகம் சுருங்கிடுச்சு, நான் அவர உக்கார வச்சு அந்த ஸ்கூல் கிளி போட்டோவக் காட்டுனேன். தை 10ஆம் தேதி சாரம் கட்டுனோம்.