டுவோராக், கோல்மக்: ஆங்கில விசைப்பலகையை மாற்றும்போது நாம் விடும் பிழைகள்

கொழும்பில் ஒரே கணினியில் மூன்று மொழிகளிலும் தட்டச்சுச் செய்பவர்கள் ஏராளம். அவர்களில் ஒருவர் வழக்கமான ஆங்கில அமைப்பான குவெர்ட்டியை விட்டு வேறோர் ஆங்கில விசை அமைப்புக்கு மாற எண்ணும்போது, ஆங்கிலம் மட்டுமே எழுதுவோருக்காகச் சொல்லப்பட்ட அறிவுரைகளை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் முதற்பிழை. 1936இல் காப்புரிமை பெற்ற டுவோராக்கும், 2006இல் ஷாய் கோல்மன் வெளியிட்ட கோல்மக்கும், ஆங்கிலத்தில் எந்த எழுத்து எவ்வளவு வருகிறது என்ற கணக்கின்மேல் எழுந்தவை. அடிக்கடி வரும் எழுத்துகள் விரல்கள் தங்கியிருக்கும் நடுவரிசைக்கு வந்தன. அரிதாக வருபவை மேலும் கீழும் தள்ளப்பட்டன.

அவ்வாறு தள்ளப்பட்டவற்றுள் ஒன்று கே. ஆங்கிலத்தில் அதற்கு வேலை குறைவு. ஆனால் தமிழை ஒலிப்பு முறையில், அதாவது ஆங்கில எழுத்துகளை அடித்துத் தமிழாக்கிக்கொள்ளும் முறையில் எழுதுபவருக்கு, ககரம் வரும் இடமெல்லாம் கே வேண்டும். ‘பக்கம்’ என்ற சிறு சொல்லுக்கே அதை இருமுறை அழுத்த வேண்டும். குவெர்ட்டியில் அது வலக்கை நடுவிரலின் அடியிலேயே இருக்கிறது. டுவோராக்கில் இடக்கையின் கீழ்வரிசைக்கும், கோல்மக்கில் வலக்கையின் கீழ்வரிசைக்கும் இறங்கிவிடுகிறது. எல் விசையோ இரண்டிலும் மேல்வரிசைக்கு ஏறிவிடுகிறது. ஏ விசை மூன்று அமைப்புகளிலும் இடக்கைச் சுண்டுவிரலிடமே இருப்பதால், நெடிலுக்காக அதை இரண்டிரண்டு முறை தட்டும் நம் சுண்டுவிரலுக்கு எந்த அமைப்பிலும் விடிவில்லை. கைநோவு குறையும் என்று நம்பி மாறுபவர், தாம் ஒரு நாளில் அடிப்பதில் எத்தனை பங்கு ஆங்கிலம் என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பதே முறை.

இதைவிடக் கடுமையான சிக்கல் பாமினி எழுத்துருவில் காத்திருக்கிறது. வெள்ளவத்தையில் அழைப்பிதழும் நினைவுமலரும் தட்டச்சுச் செய்து கொடுப்பவர்களிடையே அது இன்றும் புழங்குகிறது. பாமினியில் கணினி உள்ளே சேமிப்பது ஆங்கில எழுத்தைத்தான். எழுத்துரு அதற்குத் தமிழ் முகம் மாட்டிவிடுகிறது. ‘தமிழ்’ என்று எழுத ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து விசைகளை வரிசையாக அழுத்த வேண்டும். ஆங்கில அமைப்பு டுவோராக்கில் இருக்கும்போது பழகிய விரல்கள் அதே ஐந்து இடங்களைத் தொட்டால், திரையில் ‘ாவடசள’ என்று வந்து நிற்கும். தமிழ் எழுத்தையே சேமிக்கும் யூனிகோட் முறையில் தனி விசைப்பலகையாக நிறுவப்பட்ட ரெங்கநாதன், தமிழ் 99 என்ற தமிழ் விசை அமைப்புகளுக்குப் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை. பாமினியைக் கைவிட முடியாதவர்கள் குவெர்ட்டியையும் பட்டியலில் வைத்திருந்து, விண்டோஸ் விசையுடன் இடைவெளி விசையைச் சேர்த்து அழுத்தி மாறிக்கொள்ளலாம். ஒவ்வொரு செயலிக்கும் தனி அமைப்பை நினைவில் வைக்கும் வசதியும் விண்டோஸ் அமைப்புகளில் உண்டு. அதை இயக்கிவிட்டால் பாதி எரிச்சல் தீர்ந்துவிடும்.

புதிய அமைப்புக்கேற்ப விசை மூடிகளைக் கழற்றி இடம் மாற்றுவது பலரும் ஆர்வக் கோளாறில் செய்யும் வேலை. பெரும்பாலான விசைப்பலகைகளில் ஒவ்வொரு வரிசை மூடிக்கும் சாய்வு வேறு என்பதால், மாற்றியபின் பலகை பல்வரிசை கோணியதுபோல் ஆகிவிடும். எஃப், ஜே மூடிகளில் உள்ள சிறு மேடுகளும் இடம்பெயர்ந்து, சுட்டுவிரல்கள் தம் இடத்தைத் தடவி அறிய முடியாமல் போகும். போதாக்குறைக்கு நம் ஊர் மும்மொழி விசைப்பலகையில் அதே மூடியில் விஜேசேகர என்ற சிங்கள விசை அமைப்பின் எழுத்தும் அச்சிடப்பட்டிருக்கிறது. உங்கள் டுவோராக்குக்காகப் பக்கத்து இருக்கைக்காரர் தம் எழுத்தைத் தேடி அலைவது நியாயமன்று. மூடிகளை விட்டுவிட்டு, படம் ஒன்றை அச்சிட்டுத் திரையின் அடியில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

கடவுச்சொல்லில் நான் பட்ட பாடு தனி. கொழும்புக் கோட்டையில் நான் அப்போது வேலை பார்த்த அலுவலகத்தில், ஒரு மாத முடிவு நாளன்று, உள்நுழையும் திரை டுவோராக்கில் நின்றதைக் கவனியாமல் பழைய விரல் நினைவில் கடவுச்சொல்லை அடித்தேன். வெறும் புள்ளிகள் மட்டுமே தெரியும் பெட்டியில் பிழை எங்கே தெரியப்போகிறது? மூன்றாம் முறையில் கணக்கு பூட்டப்பட்டு, அரை நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்நுழையும் திரையின் மூலையில் எந்த அமைப்பு என்று காட்டியிருக்கும். விசையில் கை வைக்குமுன் அதைப் பாருங்கள்.

வேகத்தை நம்பி மாறுவதும் வீண். 1944இல் அமெரிக்கக் கடற்படையில் நடந்த சோதனை டுவோராக்குக்குச் சாதகமாக முடிந்தது. 1956இல் ஏர்ல் ஸ்ட்ரோங் நடத்திய சோதனையிலோ, டுவோராக்குக்கு மாறியவர்கள் தம் பழைய வேகத்தைத் திரும்ப எட்டவே பல வாரப் பயிற்சி தேவைப்பட்டது. ஆகவே வேலை நெருக்கும் மாதத்தில் தொடங்காதீர்கள்.

வெட்டி ஒட்டும் குறுக்குவழிகளை முன்கூட்டி எண்ணிப் பார்க்காததும் பின்னர் உறுத்தும். டுவோராக்கில் ஏ, எம் என்ற இரண்டு எழுத்துகளே பழைய இடத்தில் நிற்கின்றன. சி, வீ இரண்டும் வலப்பக்கம் போய்விடுவதால், வலக்கையில் சுட்டியைப் பிடித்தபடி இடக்கையால் நகலெடுத்து ஒட்டும் பழக்கம் முறிகிறது. கோல்மக் பதினேழு விசைகளை மட்டும் மாற்றி, இசட், எக்ஸ், சி, வீ நான்கையும் தொடாமல் விட்டிருக்கிறது. படிப்படியாக மாற விரும்புவோருக்கு டார்மக் என்ற இடைநிலை அமைப்புகளும் உண்டு. நான் இறுதியில் அந்த வழியாகவே கோல்மக்குக்குப் போனேன், அதுவும் ஆங்கிலத்துக்கு மட்டும். தமிழுக்கு ரெங்கநாதனை வைத்துக்கொண்டேன்.