'வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று டாக்டர் சொன்ன பிறகு

அப்பாவுக்கு இனி வைத்தியம் இல்லை என்று டாக்டர் சொன்னதும் தலை சுற்றும், சரி, ஆனாலும் மூன்று விஷயங்களைக் கேட்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்: வலிக்கு என்ன மாத்திரை, ராத்திரியில் வலி கூடினால் எவ்வளவு, அப்போது யாருக்குப் போன் பண்ணுவது.

புற்றுநோய் வலி தாங்க முடியாமல் போனால் மார்ஃபின் எழுதித் தருவார்கள். பெயரைக் கேட்டதுமே எங்கள் சித்தப்பா "போதை மருந்தாச்சே, பழகிடுமே" என்றார். டாக்டர் சொன்ன அளவில் வலிக்குத் தருவதற்குப் பயப்பட வேண்டாம். வலி வரட்டும் என்று காத்திருக்காமல், சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள். மலம் இறுகும், அதற்கான மருந்தையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள்; ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிப் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

சண்டை வருவது சாப்பாட்டில்தான். அம்மா கஞ்சி டம்ளரும் ஸ்பூனுமாக நிற்பார், அப்பா வாயை இறுக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார், நாங்கள் இருவரையும் திட்டுவோம். கடைசி நாட்களில் சாப்பிடாததால் உடம்பு ஓய்வதில்லை, உடம்பு ஓய்வதால்தான் பசி போகிறது என்பது எங்களுக்குப் பிந்தித்தான் புரிந்தது. திணித்தால் புரையேறும். பஞ்சை நனைத்து உதட்டையும் வாயையும் துடைத்துவிட்டால் போதும், அந்த வேலையை அம்மாவிடமே கொடுங்கள், அவருக்கும் கைக்கு ஒரு வேலை வேண்டும். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கொரு முறை புரட்டிப் படுக்க வையுங்கள்.

பேச்சு இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பேங்க் நாமினி, பத்திரம், யாருக்குக் கடன், எரிப்பதா புதைப்பதா எல்லாமே. கேட்கக் கூசும்தான். எங்கள் வீட்டு நகைக்கடன் ரசீது பழைய பஞ்சாங்கத்துக்குள் இருந்தது, அப்பா சொல்லாவிட்டால் தெரிந்தே இருக்காது.

கடைசியில் தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும். கேட்கிற நமக்குத்தான் பதறும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

வீட்டில் உயிர் பிரிந்தால் டாக்டரின் சான்று வேண்டும், இல்லாவிட்டால் சுடுகாட்டில் சிக்கல். அதனால் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இலவச அமரர் ஊர்தி வீட்டுக்கு வருமா என்று 155377இல் கேட்டுக்கொள்ளுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், வாரிசுச் சான்றுக்கு அப்புறம் இ-சேவை மையம் போகலாம்.

மிச்சமுள்ள மார்ஃபினைக் கொடுத்த மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுங்கள். எங்கள் வீட்டில் அது மூன்று மாதம் சாமி அலமாரியிலேயே கிடந்தது, எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.