மடையைச் சரிசெய்ய வைக்கும் மனு

திங்கட்கிழமை திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு வருகிறவர்கள் பலர் கையில் நாலு பக்க மனு இருக்கும். ஊரின் பழைய கதை, பட்ட கஷ்டம், போன வருஷம் சொன்ன வாக்குறுதி எல்லாம் அதில் வந்துவிடும். என்ன செய்யவேண்டும் என்பது மட்டும் கடைசி வரியில் "தக்க நடவடிக்கை எடுக்குமாறு" என்று முடிந்துபோகும். அந்த வரியை வைத்துக்கொண்டு எந்த அலுவலராலும் ஒரு வேலையும் தொடங்க முடியாது.

மனு கலெக்டரிடமே நிற்பதில்லை. எண் போட்டு, துறைக்குப் போய், படிப்படியாக இறங்கி, உதவிப் பொறியாளரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ வந்து சேரும். இடத்தைப் பார்த்து அறிக்கை எழுதப்போகிறவர் அவர்தான். உங்கள் ஊருக்கு அவர் இதுவரை வந்ததே இல்லை என்று வைத்துக்கொண்டு, அவருக்காக எழுதுங்கள்.

எழுத உட்காருமுன் வேலை யாருடையது என்று விசாரியுங்கள். ஆயக்கட்டு (குளத்துத் தண்ணீர் பாயும் நிலம்) 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேலுள்ள குளம் பொதுவாக நீர்வளத்துறையைச் சேர்ந்தது. அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். துறை மாறிப்போனால் "எங்கள் பராமரிப்பில் இல்லை" என்ற பதில் வரவே சில வாரம் ஓடிவிடும். ஊராட்சித் தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி). ஒன்றிய அலுவலகத்தில் அந்தப் பதவியில் இரண்டு பேர் இருப்பார்கள் என்பதால் அடைப்புக்குறியில் உள்ளதையும் சேர்த்தே எழுதவேண்டும். கடையம், ஆலங்குளம் பக்கத்துக்காரர்களுக்கு 2019 முதல் தென்காசி கலெக்டர்தான்.

ஒரு மனுவில் ஒரே காரியம். குளம், பட்டா, தெருவிளக்கு மூன்றையும் ஒன்றாக எழுதினால் ஒரு எண்தான் விழும், அது ஒரு துறைக்குத்தான் போகும், மற்ற இரண்டும் அதோடு முடங்கும்.

"பொருள்: குளம் சம்பந்தமாக" என்பதில் ஒன்றுமே இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

"பொருள்: சேரன்மகாதேவி வட்டம், (கிராமத்தின் பெயர்), (குளத்தின் பெயர்) 2-ம் மடையின் துருப்பிடித்த ஷட்டரை மாற்றக் கோருதல்."

அடுத்து இடம். புல எண், பேருந்து நிறுத்தத்திலிருந்து எத்தனை மீட்டர், எந்தக் கோயிலுக்கு எந்தப் பக்கம். பிறகு பழுது. "மிகவும் மோசமாக உள்ளது" என்பதை விட்டுவிட்டு டேப் பிடித்து அளந்து எழுதுங்கள்: "ஷட்டரின் அடிப்பகுதி 30 செ.மீ. அகலத்துக்கு அரித்துவிட்டது; முழுக்க இறக்கினாலும் தண்ணீர் ஒழுகுகிறது; இந்த மடைப் பத்தில் (மடைத் தண்ணீர் பாயும் வயலில்) 22 ஏக்கர் நெல்."

கோரிக்கையில்தான் பெரும்பாலான மனுக்கள் சறுக்குகின்றன. உதவிப் பொறியாளர் தம் விருப்பத்துக்குப் புது ஷட்டர் போட்டுவிட முடியாது. இடத்தைப் பார்க்கலாம், மதிப்பீடு தயாரித்து மேலே அனுப்பலாம். ஆகவே அவரால் முடிந்த அடுத்த படியைக் கேளுங்கள்: "ஆகஸ்ட் 10-க்குள் நேரில் பார்வையிட்டு மதிப்பீடு அனுப்பவும், பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் வருமுன் ஷட்டரை மாற்றவும் வேண்டுகிறோம்." தேதி போட்டால் காரணமும் கூடவே வரவேண்டும். குளம் வற்றிக் கிடக்கும்போதுதான் மடையில் வேலை செய்ய முடியும். வடகிழக்கு மழை இறங்கி, குளம் பெருகியபின் கொடுக்கும் மனு அடுத்த வருஷத்துக்குத்தான் உதவும்.

அலட்சியம், ஊழல் என்ற சொற்களை இந்த மனுவில் சேர்க்காதீர்கள். படிப்பவர் தம்மைக் காத்துக்கொள்ளப் பதில் எழுதுவார், மடை அப்படியே கிடக்கும். அப்படி ஒரு புகார் உண்மையிலேயே இருந்தால் அது தனி மனு.

எல்லாம் ஒரு தாளின் ஒரு பக்கத்துக்குள் அடங்கவேண்டும். இரண்டு போட்டோ போதும்: கரையும் மடையும் சேர்ந்து தெரிய ஒன்று, பழுதின் மேல் டேப் வைத்துக் கிட்டத்தில் ஒன்று. தொடர்புக்கு ஒரே ஒரு செல் நம்பர், பகலில் எடுத்துப் பேசுகிற ஆளுடையது. மூன்று நம்பர் போட்டால் அவர் எடுப்பார் இவர் எடுப்பார் என்று யாரும் எடுக்கமாட்டார்கள்.

மனு எண் உள்ள ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். நீங்கள் குறித்த தேதி தாண்டியதும் அந்த எண்ணைச் சொல்லி விசாரியுங்கள். பதில் இல்லையென்றால் 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "மேற்படி மனு இப்போது எந்த அலுவலரிடம் உள்ளது, அதன் மீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகல்" என்று கேளுங்கள். பதில் தர 30 நாள் கெடு. "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் பயனில்லை. கோப்பில் இருப்பதைத்தான் அவர்கள் தரவேண்டும்.

ஊருக்குள் ஆள் கூப்பிடுவதற்கும் இதே முறைதான். "நாளைக்கு வாய்க்கால் வெட்டணும், எல்லாரும் வாங்க" என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் அடுத்தவர் போவார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிடுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்: "முருகன் அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு ரெண்டாம் மடைக்கு வந்திருங்க. மம்பட்டி ரெண்டு கொண்டாங்க. ஒன்பது மணிக்குள்ள முடிச்சிரலாம். வர முடியலன்னா சனிக்கிழமை ராத்திரிக்குள்ள சொல்லிருங்க, வேற ஆள் பாத்துக்கிடுதேன்."