போத்தல் நிறைய இருந்தும் எஞ்சின் கொதிக்கிறதா? மூடியைப் பாருங்கள்

வெக்கையான கச்சான் காற்று வீசத் தொடங்கினால் திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் என் கராஜுக்கு எஞ்சின் கொதித்த வாகனங்கள் வரிசையாக வரும். பலரும் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணை, போத்தல் நிறையக் கூலன்ட் நிக்குது, பிறகு ஏன் ஹீற் ஏறுது?" கூலன்ட் என்பது எஞ்சினின் சூட்டை எடுக்கும் திரவம், அது ரேடியேற்றரில்தான் ஆறும். போத்தல் என்பது பக்கத்தில் கூடுதல் கூலன்ட் நிற்கும் பாத்திரம். போத்தல் நிறைந்திருப்பதால் ரேடியேற்றரும் நிறைந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு மூடியும் ஒரு மெல்லிய ஹோஸும் இருக்கின்றன. பழுது பெரும்பாலும் அங்கேதான்.

கூலன்ட் சூடேறினால் விரியும். 5 லீற்றர் பிடிக்கும் எஞ்சினில் கால் லீற்றர் மட்டில் கூடிவிடும். அதற்கு உள்ளே இடமில்லை, அழுத்தம் ஏறும். மூடியில் இருக்கும் சுருள்வில்லை அந்த அழுத்தம் தூக்கியதும், கூடுதல் கூலன்ட் ஹோஸ் வழியாகப் போத்தலுக்குப் போகும். எஞ்சின் ஆறும்போது உள்ளே இருப்பது சுருங்கி வெற்றிடம் உண்டாகும். உடனே மூடியின் நடுவில் உள்ள சின்ன வால்வு திறந்து, போனதை அதே ஹோஸால் திரும்ப இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இந்தப் போக்குவரத்து நடக்க வேண்டும்.

சரி, எப்படிச் சோதிப்பது? விடியக் காலையில், எஞ்சின் முழுதாக ஆறிய நிலையில் ரேடியேற்றர் மூடியைக் கழற்றுங்கள். சூடான எஞ்சினில் மூடியைத் தொடவே வேண்டாம். பீறிட்டு அடித்து முகம் வெந்தவர்களைக் கண்டிருக்கிறேன். கூலன்ட் கழுத்து விளிம்பு வரை நிற்க வேண்டும். போத்தல் நிறைந்திருக்க ரேடியேற்றர் குறைந்திருந்தால், வெளியே போனது திரும்பி வரவில்லை என்று அர்த்தம்.

கையில் இருக்கும் மூடியைத் திருப்பிப் பாருங்கள். கசியாமல் பிடிக்கும் அடைப்பு இரண்டு இடத்தில் இருக்கும். வில்லுக்குக் கீழே இருக்கும் றப்பர் அழுத்தத்தைப் பிடித்து வைப்பது. அதில் வெடிப்போ ஆழமான வளையத் தடமோ இருந்தால் மூடி முடிந்தது. மேலே, மூடியின் உட்புறத்தோடு ஒட்டியிருக்கும் வட்டத்தை யாரும் கவனிப்பதில்லை. அது சரியாக உட்காராவிட்டால், ஆறும்போது கூலன்டுக்குப் பதிலாகக் காற்றுத்தான் உள்ளே போகும். அப்புறம் நடுவில் இருக்கும் சின்ன வால்வை நகத்தால் இழுத்து விடுங்கள், தானாக மூடிக்கொள்ள வேண்டும். அது இறுகிப்போன வாகனத்தில், காலையில் ரேடியேற்றரின் மேல் பக்கத்துப் பெரிய ஹோஸ் சப்பளிந்து கிடக்கும்.

போத்தலுக்குப் போகும் மெல்லிய ஹோஸையும் பார்க்காமல் விட வேண்டாம். முனை போத்தலின் அடி வரை இறங்கியிருக்க வேண்டும். நம்முடைய வெயிலுக்கு அதன் இரண்டு நுனியும் வெடித்துவிடும். ஓட்டை விழுந்த ஸ்ட்ரோவால் இளநீர் குடிக்கிற மாதிரித்தான், காற்றுத்தான் வரும். வெடித்த நுனியை வெட்டிவிட்டுத் திரும்பச் செருகினாலே பல நேரம் சரியாகிவிடும்.

புது மூடி வாங்கும்போது பழையதில் இருக்கும் அழுத்த எண்ணைப் பாருங்கள். 0.9 அல்லது 1.1 என்றிருக்கும், சிலதில் கிலோபாஸ்கலில் 88, 108 என்றிருக்கும். 1.1 மூடியின் கீழ் வெறும் தண்ணீர்கூட 120 பாகை தாண்டித்தான் கொதிக்கும். அதற்காக எண்ணைக் கூட்டிப் போடாதீர்கள், பழைய ரேடியேற்றர் தாங்காது.

மூடி மாற்றிய பிறகு ரேடியேற்றரை விளிம்பு வரை நிரப்பி, போத்தலில் குறைந்த மட்டத்தையும் கூடிய மட்டத்தையும் காட்டும் இரண்டு கோட்டுக்கும் நடுவில் விட்டு, அந்த மட்டத்தில் ஒரு ரேப் துண்டு ஒட்டுங்கள். கந்தளாய் போலக் கொஞ்சம் தூர இடத்துக்குப் போய் வாருங்கள். வந்ததும் மட்டம் ஏறியிருக்கும், மறுநாள் காலை ரேப்புக்கு இறங்க வேண்டும். கொஞ்சம் காற்று மிஞ்சியிருந்தால் முதல் காலையில் இன்னும் கீழே போகலாம், ஊற்றிவிட்டு மறுபடி பாருங்கள். நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போனால் எங்கோ ஒழுகுகிறது. எஞ்சின் ஓடும்போது போத்தலில் குமிழி விடாமல் வந்துகொண்டிருந்தால் ஹெட் காஸ்கட்டை, அதாவது எஞ்சினின் ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகட்டை, சந்தேகிக்க வேண்டும். அந்த வாகனத்தை ஓட்டாமல் கட்டி இழுத்தே கொண்டுவாருங்கள்.

சில வாகனங்களில், குறிப்பாக ஐரோப்பிய வாகனங்களில், ரேடியேற்றரில் மூடியே இருக்காது. அழுத்த மூடி போத்தலின் மேலேயே இருக்கும். அந்தப் போத்தலையும் சூட்டில் திறக்கக் கூடாது.

நிரப்புவதற்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். கடலோரத்தில் உவர் அதிகம், உள்ளே துருவும் படிவும் கட்டும். கலந்து விற்கிற கூலன்ட் வாங்குங்கள், இல்லையென்றால் கலக்காத கூலன்டைக் காய்ச்சி வடித்த நீரோடு கலவுங்கள். மிச்சத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். கூலன்டில் பெரும்பாலும் இருக்கும் எதிலீன் கிளைகோல் இனிப்பாக இருக்கும், பிள்ளைகளோ நாயோ குடித்தால் சிறுநீரகம் போய்விடும். அது வந்த கானிலேயே மூடி இறுக்கி, உயரத்தில் வையுங்கள்.