பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் முன்: உங்கள் படம் ஆர்ஜிபியா, சிஎம்ஒய்கேயா?

பெங்களூரு சுல்தான்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கிறீர்கள். ஃபோனில் பளிச்சென்று தெரிந்த ராயல் ப்ளூ, அட்டையில் கத்தரிப்பூ நிறமாக வந்து நிற்கும். மெஷின்காரரைத் திட்டுவதற்கு முன் ஃபைலின் கலர் மோடைப் பாருங்கள். திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியில் நிறம் காட்டுகிறது, அதுதான் ஆர்ஜிபி. பிளேட் வைத்து அச்சடிக்கும் ஆஃப்செட்டில் இருப்பது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகள், அதுதான் சிஎம்ஒய்கே. அந்த நீலத்தையும் ஃப்ளோரசன்ட் பச்சையையும் இந்த மைகளால் எட்ட முடியாது.

முதலில் கடையில் கேளுங்கள்: ஆஃப்செட்டா, டிஜிட்டலா? எந்த புரொஃபைல், அதாவது அந்த மெஷினுக்கும் தாளுக்கும் ஏற்ற நிறக் கணக்கு, வேண்டும்? ஃபோட்டோ லேபில் பிரின்ட் போட என்றால் பெரும்பாலும் ஆர்ஜிபியின் வழக்கமான வகையான எஸ்ஆர்ஜிபியே போதும், மாற்றவே வேண்டாம்.

அடுத்து, மோடைப் பார்ப்பது. ஃபோட்டோஷாப்பில் ஃபைல் பெயருக்குப் பக்கத்திலேயே ஆர்ஜிபி/8 அல்லது சிஎம்ஒய்கே/8 என்று இருக்கும். மேக்கில் ப்ரிவ்யூவில் திறந்து, டூல்ஸ் மெனுவில் ஷோ இன்ஸ்பெக்டர் கொடுத்தால் கலர் மாடல் என்ற வரி வரும். விண்டோஸில் ரைட் கிளிக், ப்ராபர்ட்டீஸ், டீடெய்ல்ஸ். அங்கே ஜேபெக் படத்துக்கு பிட் டெப்த் 24 என்றால் ஆர்ஜிபி, 32 என்றால் சிஎம்ஒய்கே. பிஎன்ஜி ஃபைலில் 32 பார்த்து ஏமாறாதீர்கள். அது டிரான்ஸ்பரன்சிக்கான கணக்கு. பிஎன்ஜியில் சிஎம்ஒய்கே கிடையவே கிடையாது. பத்திரிகை டிசைன் செய்யும் கோரல்டிரா சாஃப்ட்வேரில் பக்கம் சிஎம்ஒய்கேயாக இருந்தாலும் உள்ளே ஒட்டிய ஃபோட்டோ ஆர்ஜிபியாகவே கிடக்கலாம். ஒவ்வொரு படமாக செலக்ட் செய்து கீழே ஸ்டேட்டஸ் பாரைப் பாருங்கள்.

மாற்றத்தான் வேண்டுமென்றால் முதலில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். சிஎம்ஒய்கேக்குப் போய் இழந்த நிறம், திரும்ப ஆர்ஜிபி ஆக்கினாலும் வராது. ஃபோட்டோஷாப்பில் எடிட் மெனுவில் கன்வர்ட் டு புரொஃபைல் போய், கடைக்காரர் சொன்னதைத் தேர்ந்தெடுங்கள். மாற்றும் முன்பே கன்ட்ரோல்+ஒய் அழுத்தினால் நிறம் எப்படி மங்கும் என்று தெரிந்துவிடும். கூடவே ஷிஃப்டும் சேர்த்து அழுத்தினால் மைக்கு எட்டாத இடங்கள் சாம்பல் திட்டாகத் தெரியும்.

எழுத்து விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆர்ஜிபி கறுப்பை அப்படியே மாற்றினால், ஃபோட்டோஷாப்பின் வழக்கமான அமெரிக்க புரொஃபைலில் அது சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 ஆகிறது. மொத்தம் 300 சதவீத மை! மைக்கு ஒன்றாக இருக்கும் நான்கு பிளேட்டில் ஒன்று இம்மி நகர்ந்தாலும் 8 பாயின்ட் எழுத்தின் ஓரம் கலர் கலராகப் பிசிறும், ‘ண்’ணின் புள்ளி அடைத்துக்கொள்ளும். அதனால் எழுத்தைப் படத்தோடு சேர்க்காமல் தனியாக வைத்து, கறுப்பு மட்டும் 100, மற்ற மூன்றும் 0 என்று கொடுங்கள்.

அனுப்பும்போது டிஃப் அல்லது பிடிஎஃப். வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப வேண்டுமென்றால் ஃபோட்டோவாக அல்ல, டாக்குமென்டாக அனுப்புங்கள். ஃபோட்டோவாகப் போனால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, புது ஜேபெக்காக மாற்றிவிடும்.