தாமிரபரணித் தண்ணீரின் தரத்தை அரசு ஏற்கும் ஆதாரமாக்குவது எப்படி

"ஆற்றில் சாக்கடை கலக்கிறது, நடவடிக்கை எடுங்கள்" என்று மனு எழுதினால், "உரிய துறைக்கு அனுப்பப்பட்டது" என்று ஒரு கடிதம் வரும். அதே இடத்தில் பிஓடி லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டுகிறது என்று முறைப்படி காட்டினால் கோப்பு நகரத் தொடங்கும். காரணம், அந்த 3 என்ற எண் அரசே வைத்திருக்கும் கோடு. தண்ணீரில் உள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்பதுதான் பிஓடி. அது 3-ஐத் தாண்டிய ஆற்றுப்பகுதிகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாசுபட்டவை என்று பட்டியலிடுகிறது. 3 முதல் 6 வரை ஐந்தாம் வகை. 30-ஐத் தாண்டினால் முதல் வகை. 2018-இல் நாடு முழுக்க 351 பகுதிகள் இப்படிப் பட்டியலாயின. தாமிரபரணியும் அதில் உண்டு. பட்டியலில் வந்த ஒவ்வொரு பகுதிக்கும் செயல்திட்டம் தரும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. பாதாளச் சாக்கடை, சுத்திகரிப்பு நிலையம் எல்லாம் அந்தத் திட்டங்களுக்குள் வருபவை.

இரண்டாவது எண், மலக்கழிவுக் கோலிஃபார்ம், அதாவது மலம் கலந்ததைக் காட்டும் பாக்டீரியாவின் எண்ணிக்கை. குளிக்கும் துறைகளில் 100 மில்லிலிட்டருக்கு 500-க்குள் இருப்பது விரும்பத்தக்கது, 2500-க்கு மேல் போகவே கூடாது. திருநெல்வேலிக் குறுக்குத்துறையில் தினமும் ஆயிரம் பேர் முங்கி எழுகிறார்கள் என்றால் இந்த எண்ணைக் கேட்காமல் விடக் கூடாது. பாசனத்துக்கு அளவு வேறு: தண்ணீரின் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 2250 மைக்ரோமோவுக்குள், கார அமில நிலை 6 முதல் 8.5-க்குள். மனுவில் எந்தப் பயன்பாட்டைப் பற்றிப் பேசுகிறீர்களோ அதற்குரிய அளவையே எழுதுங்கள். குளிக்கும் துறைக்கான அளவைக் காட்டி நெல் வயலுக்கு நியாயம் கேட்டால் அதிகாரி முதல் வரியிலேயே மனுவை ஒதுக்கிவிடுவார்.

எங்கே, எப்போது எடுப்பது

ஓர் ஓடை ஆற்றில் விழும் இடத்தில் மட்டும் பாட்டிலை முக்கினால் அது ஓடையின் தரத்தைத்தான் காட்டும். குறைந்தது மூன்று இடம் வேண்டும்: ஓடைக்கு மேலே கலப்பில்லாத இடம், ஓடையின் வாய், ஓடைத் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் நன்றாகக் கலந்த கீழ்ப்பகுதி. கலக்காத இடத்தில் ஒரு கரை கறுப்பாகவும் மறு கரை தெளிவாகவும் ஓடும். அங்கே எடுத்தால் எந்தக் கரையில் நின்றீர்களோ அந்தக் கரையின் எண்தான் வரும். மேலே எடுத்த மாதிரி இல்லாவிட்டால், "அழுக்கு மேலேயிருந்தே வருகிறது" என்ற பதிலுக்கு உங்களிடம் மறுமொழி இருக்காது.

ஒரே ஒரு நாள் எண்ணை யாரும் நம்ப மாட்டார்கள். கால்வாய்கள் அடைத்துக் கிடக்கும் ஏப்ரல், மே மாதங்களில் ஆறு மெலிந்து கழிவு தடித்துத் தெரியும். கார் நெல்லுக்கோ பிசான நெல்லுக்கோ பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் அதே சாக்கடை நீர்த்துப்போய் எண் இறங்கும். இரண்டு காலத்திலும் எடுங்கள். நீண்ட வறட்சிக்குப் பிறகு வரும் முதல் மழை அன்று மட்டும் எடுத்து அதையே வழக்கமான நிலை என்று சொல்லாதீர்கள். தெருவழுக்கெல்லாம் ஒன்றாக அடித்து வரும் நாள் அது. நேரமும் முக்கியம். அமலைச்செடியும் (ஆகாயத்தாமரை) பாசியும் மண்டிய இடத்தில் கரைந்த ஆக்சிஜன் விடிவதற்கு முன் மிகக் குறைவாகவும் பிற்பகலில் ஏறியும் இருக்கும். ஆகவே எல்லா மாதமும் ஒரே நேரம்.

பாட்டிலில் நடக்கும் தவறுகள்

பெரும்பாலான முயற்சிகள் இங்கேதான் வீணாகின்றன. படித்துறையில் நின்று எட்டி மொண்டால் மேலே மிதக்கும் நுரையும் குப்பையும் வரும். கால் சேற்றைக் கிளறினால் அடிவண்டலும் சேரும். ஓட்டத்தை எதிர்த்து நின்று, பாட்டிலைத் தலைகீழாக ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்கி, அங்கே ஓட்டத்தை நோக்கித் திருப்பி நிரப்ப வேண்டும். சாதாரண பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசலாம். கோலிஃபார்முக்கு ஆய்வகம் கிருமி நீக்கித் தந்த பாட்டிலை அலசவே கூடாது. எடுக்கும் நொடி வரை மூடியைத் திறக்காமல், கழுத்தில் இரண்டு விரற்கடை காற்றிடம் விட்டு மூடுங்கள். பிஓடி பாட்டில் இதற்கு நேர்மாறு: ஒரு குமிழிகூட இல்லாமல் வழிய நிரப்ப வேண்டும்.

கரைந்த ஆக்சிஜனை ஆற்றங்கரையிலேயே நிலைநிறுத்த வேண்டும். மாங்கனீஸ் சல்பேட் கரைசலும் கார அயோடைடு கரைசலும் ஊற்றி மூடிக் குலுக்கினால் உள்ளே படிவு இறங்கும். பழுப்பாக இறங்கினால் ஆக்சிஜன் இருக்கிறது. பால்வெள்ளையாகவே நின்றுவிட்டால் அந்தத் தண்ணீரில் மீனுக்கு மூச்சில்லை. அதைப் புகைப்படம் எடுத்து மனுவோடு வையுங்கள். எண் படிக்கத் தெரியாதவருக்கும் அது விளங்கும்.

மாதிரிகளை உடனே ஐஸ் பெட்டியில் வையுங்கள். கோலிஃபார்ம் மாதிரி 6 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்வது நல்லது. 24 மணி நேரத்தைத் தாண்டினால் தூக்கிப் போடுங்கள். வெயிலில் பைக் டிக்கியில் கிடந்த பாட்டிலின் முடிவு யாருக்கும் உதவாது. பாட்டில் எண், இடம், ஜிபிஎஸ் குறி, தேதி, நேரம், எடுத்தவர், ஆய்வகத்தில் வாங்கியவர் கையெழுத்து எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகமாகப் பார்த்து, அந்த அங்கீகாரம் பிஓடிக்கும் கோலிஃபார்முக்கும் பொருந்துகிறதா என்று கேட்டுக் கொடுங்கள். இந்தியத் தரமுறையில் பிஓடி 27 டிகிரியில் 3 நாள் வைத்துப் பார்ப்பது. 20 டிகிரியில் 5 நாள் வைக்கும் முறையும் உண்டு. எந்த முறை என்று அறிக்கையில் எழுதி வாங்குங்கள்.

எவ்வளவு சாக்கடை?

சுத்திகரிப்பு நிலையத்தைத் திட்டமிடும் பொறியாளருக்குத் தரம் மட்டும் போதாது, அளவும் வேண்டும். பெரும்பாலான மனுக்களில் இல்லாதது இதுதான். ஓடையில் நேரான 10 மீட்டரை அளந்து, பாதி தண்ணீர் நிரப்பிய சிறு பாட்டிலை மிதக்கவிட்டு நேரம் பாருங்கள். உதாரணத்துக்கு, அகலம் 1.2 மீட்டர், சராசரி ஆழம் 0.25 மீட்டர், 10 மீட்டரைக் கடக்க 25 விநாடி. மேற்பரப்பு வேகம் விநாடிக்கு 0.4 மீட்டர், அடியில் ஓட்டம் மெதுவாக இருப்பதால் 0.85-ஆல் பெருக்கினால் 0.34. மூன்றையும் பெருக்கினால் விநாடிக்கு 102 லிட்டர், நாளுக்கு ஏறக்குறைய 88 லட்சம் லிட்டர். பிஓடி 100 என்றால் நாளுக்கு 880 கிலோ சுமை ஆற்றில் இறங்குகிறது. காலை 6 முதல் 9 வரை ஓட்டம் உச்சத்தில் இருக்கும். அதை மட்டும் அளந்து 24 மணி நேரத்துக்குப் பெருக்கினால் கணக்கு ஊதிப்போகும். பகலிலும் இரவிலும் அளந்து சராசரி எடுங்கள்.

மேசைக்குக் கொண்டுபோவது

உங்கள் மாதிரி நீதிமன்றத்தில் சட்டப்படியான சாட்சியமாகாது. 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுக்கும் மாதிரிக்கே முறை வகுத்திருக்கிறது: முன்னறிவிப்பு, இரண்டாகப் பிரிப்பது, முத்திரை, கையெழுத்து. அதில் பிசகினால் வாரியத்தின் முடிவே செல்லாது. ஆகவே "இந்த எண்களை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று எழுதாதீர்கள். "இந்த இடத்தில், இந்த நேரத்தில், எங்கள் முன்னிலையில் 21-ஆம் பிரிவின்படி மாதிரி எடுங்கள்" என்று எழுதுங்கள். எளிதில் மறுக்க முடியாத கோரிக்கை அதுதான்.

மனு ஒரு பக்கம் போதும். அட்டவணை, வரைபடம், ஆய்வறிக்கை இணைப்பாக. வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு ஒன்று, திங்கட்கிழமை மனுநாளில் கலெக்டருக்கு ஒன்று, மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒன்று. கூட்டத்தில் சொன்னது குறிப்பில் ஏறியதா என்று பார்த்துவிட்டே எழுந்திருங்கள். ஊராட்சிப் பகுதி என்றால் கிராம சபைத் தீர்மானமும் சேரட்டும். கூடவே, உங்கள் பகுதிக் கண்காணிப்பு நிலையத்தில் வாரியமே எடுத்த மாதாந்திர எண்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். வாரியத்தின் எண்ணும் உங்கள் எண்ணும் ஒரே பக்கம் சாய்ந்தால் பாதி வாதம் முடிந்தது. முரண்பட்டால் இடம், நேரம், முறை மூன்றையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஒப்புகைச் சீட்டுகளைத் தேதி வாரியாகக் கட்டி வையுங்கள். தீர்வு வராவிட்டால் சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். ஆனால் வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம்தான் கெடு. தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை தருவார்கள். இரண்டு பருவத்து மாதிரியும் கையில் வரட்டும் என்று காத்திருந்து அந்தக் கெடுவைத் தவறவிட வேண்டாம்; கோடைக்கால எண்களோடு மனுவைப் பதிவு செய்துவிட்டு, பிசானத்து எண்களைப் பிறகு சேர்க்கலாம்.